சின்னம்மா வாசித்த விதம்

போன மாதம் அந்த ஞானஸ்நான விருந்தில் உங்களில் ஒருவர் கேட்டீர்கள்: "உன்ரை அந்த விசர்ச் சின்னம்மா இப்ப எங்கை?" கேட்டதில் ஒரு கெட்ட எண்ணமும் இல்லை. கையில் தட்டு, பக்கத்தில் பிள்ளைகளின் கூச்சல், பின்னால் பெட்டியில் பாட்டு. "பகேரியாவிலைதான்" என்று சொல்லிவிட்டு நான் சோறு போட்டுக்கொள்ளப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து சேலையை மடிக்கும்போதுதான் அது பதிலே இல்லை என்று பட்டது. இடத்தைச் சொல்லிவிட்டு 'விசர்' என்ற சொல்லை அப்படியே விட்டுவிட்டேன்.

நாங்கள் எல்லாரும் ஒரே கோயில் மண்டபத்தில் வளர்ந்தவர்கள். எங்கள் பிள்ளைகள் எங்களுடைய அன்றைய வயதைத் தாண்டிவிட்டார்கள். தமிழ்ப் பூசை முடிந்த பிறகு பெரியவர்கள் கதிரைகளை வட்டமாகப் போட்டுச் செபக்கூட்டம் வைப்பார்கள். எங்களை வெளியே நடைக்கு அனுப்பிக் கதவைச் சாத்துவார்கள். அந்தக் கதவின் கண்ணாடியில் மூக்கை வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த எல்லாருக்கும் அந்த ஒரு ஞாயிறு ஞாபகம் இருக்கும். நீங்கள் பார்த்தது உண்மை. ஆனால் அது பாதி. மீதி எங்கள் வீட்டில் நடந்தது.

சின்னம்மா அம்மாவின் ஒரே தங்கச்சி. மன்னாரில் கடற்கரையோடு ஒட்டிய ஊர். சித்தப்பா தொழிலுக்குப் போகிறவர், அதாவது வள்ளத்தில் மீன்பிடிக்கப் போகிறவர். ஒருநாள் பின்னேரம் போனவர் திரும்பவில்லை. வள்ளம் மட்டும் இரண்டு ஊர் தள்ளிக் கரை ஒதுங்கியது. அதில் வலை இருந்தது, ஆள் இல்லை. நேவி சுட்டது என்றார்கள் சிலர். கடல் கொண்டுபோனது என்றார்கள் வேறு சிலர். இந்தியக் கரைக்கு நீந்திப் போய் அங்கே ஏதோ முகாமில் இருக்கிறார், கண்ணால் கண்டோம் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். சின்னம்மா ஒவ்வொரு பின்னேரமும் கரைக்குப் போய் நிற்கத் தொடங்கினார். அம்மா இங்கேயிருந்து தொலைபேசியில் அழுது, கோபித்து, தான் வேலை செய்த வீட்டு எசமானியான சிஞ்ஞோராவைக் கெஞ்சி, கடைசியில் அவரை இத்தாலிக்கு, பலேர்மோவுக்கு எடுப்பித்தார். பிள்ளை இல்லாத சின்னம்மா ஒரு சின்னப் பெட்டியோடு வந்து இறங்கினார்.

அப்போது நாங்கள் பல்லரோச் சந்தைக்குப் பின்பக்கம் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் இருந்தோம். இரண்டு அறை. காலையில் மீன்காரர்களின் கூவல்தான் எங்கள் மணிக்கூடு. மத்தியானத்தில் கடலைமா பொரிக்கிற எண்ணெய் வாசனை படிக்கட்டு வழியாக ஏறி வந்து காயப்போட்ட உடுப்பில் ஒட்டிக்கொள்ளும். பல்கனியில் ஒரு பிரம்புக் கூடை கயிற்றில் தொங்கும். கீழே பாண்காரர் வந்தால் இறக்குவோம். அந்தக் கூடை எப்போது எங்கே போனது என்று இன்றைக்கு வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

என் அறையில்தான் சின்னம்மாவுக்கும் கட்டில் போட்டார்கள். அவருடைய பெட்டியில் உடுப்பைவிடக் கனமாக இருந்தது ஒரு வேதப் புத்தகம். கடற்காற்றில் தாள்கள் ஊதி, மூடினாலும் முழுதாக மூடாது. மாச்சாக்குத் துணியில் அதற்கு ஒரு உறை தைத்திருந்தார். பக்கம் குறிக்க முடிந்துபோன டெலிபோன் அட்டைகளை வைப்பார். மூலையைக் கிள்ளி எறிந்துவிட்டு டெலிபோன் பெட்டியில் போடுகிற அந்த அட்டைகளை உங்களுக்கு மறந்திருக்காது. நாங்கள் எல்லாரும் சேர்த்தோம். நான் அவருடைய புத்தகத்திலிருந்து அழகான படம் போட்டதைத் திருடிவிட்டு அழகில்லாததை வைப்பேன். அவர் கண்டும் ஒன்றும் சொல்வதில்லை.

எல்லாம் தொடங்கியது தவக்காலத்தின் முதல் ஞாயிற்றில். செபக்கூட்டத்தை நடத்தின அன்ரியை நீங்கள் எல்லாரும் அறிவீர்கள். அவரை நான் குறை சொல்ல வரவில்லை. கிழமை முழுக்க இரண்டு வீட்டுத் தரை துடைத்துவிட்டு, ஜவெல் வெளுப்புத்திரவம் மணக்கிற கையோடு வந்து மற்றவர்களுக்காக முழங்காலில் நின்ற மனுசி. அவர் கண்ணை மூடிச் செபித்து, புத்தகத்தைத் திடீரென்று திறந்து, விரலை வைப்பார். விரல் பட்ட வரி அன்றைக்கு யாரோ ஒருவருக்குச் சொல்லப்பட்ட சொல். அன்று விரல் பட்டது, கடலில் அலைந்தவர்கள் கரை சேர்ந்து மகிழ்வதைப் பற்றிய ஓர் இடத்தில். அன்ரி சின்னம்மாவைப் பார்த்தார்.

"தங்கச்சி, உமக்குத்தான் இது. உயிர்த்த ஞாயிறுக்குள்ளை அவர் வருவார். இல்லாட்டி அவற்றை குரலாவது வரும். ஆண்டவர் சொல்லுறார்."

அம்மா அங்கேயே விம்மி அழுதார். சின்னம்மா அழவில்லை என்று பிறகு அம்மாவே சொன்னார். கையை மடியில் வைத்துக்கொண்டு, பூசை முடியப் பஸ்ஸுக்கு நிற்கிறவர் மாதிரி இருந்தாராம்.

அந்தக் கிழமையே வீட்டின் ஓட்டம் மாறியது. அம்மா சந்தையில் ஆண்களின் சேட்டுகளைத் தடவிப் பார்க்கத் தொடங்கினார். சித்தப்பாவின் தோள் அகலத்தைத் தன் கையால் காட்டிக் கடைக்காரனிடம் கேட்டு ஒரு நீலச் சேட்டு வாங்கினார். அப்பா ஒரு உணவுக்கடையில் கோப்பை கழுவுகிறவர்; சின்னச் சத்தத்துக்கும் சுருங்குகிற மனுசன். "வந்த பிறகு வாங்கலாமே" என்று மட்டும் சொன்னார். அம்மா பார்த்த பார்வையில் அதற்குப் பிறகு அவர் அந்தக் கதையே எடுக்கவில்லை.

ஒவ்வொரு நாளும் பள்ளிக்கூடத்துக்குப் போகுமுன் புத்தகத்தைத் திறக்க வேண்டும் என்று அம்மா ஒழுங்கு வைத்தார். அன்ரி சொன்ன வாக்கு உறுதியாகிறதா என்று பார்க்க. விரல் வைக்கிறது நான். பிள்ளையின் கைக்குக் கள்ளம் இல்லை என்று அன்ரி சொல்லியிருந்தார். தமிழ் எழுத்து எனக்கு அரைகுறை. விரல் பட்ட வரியைச் சின்னம்மா வாசிப்பார், அம்மா அடுப்படியில் நின்று காது கொடுப்பார்.

முதல் நாட்களில் என் விரல் போய் விழுந்ததெல்லாம் பெயர்ப் பட்டியல். இன்னாருக்கு இன்னார் மகன், அவருக்கு இவர் மகன். அம்மா அதற்கும் அர்த்தம் கண்டார்: "பார், சந்ததி தழைக்கும் எண்டு சொல்லுது." அடுத்தநாள் ஒரு கூடாரத்துத் துணிக்கு எத்தனை முழம் வேண்டும் என்ற கணக்கில் விழுந்தது. சின்னம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் எங்கள் வீட்டில் சிரித்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். அம்மாவுக்கு அது பிடிக்கவில்லை.

பிறகு ஒரு காலை. ஷிரோக்கோ அடித்துக்கொண்டிருந்தது. ஆபிரிக்காப் பக்கமிருந்து வருகிற அந்தச் சூட்டுக்காற்று பல்கனி முழுக்கச் செம்மண்ணைத் தூவியிருந்தது, பல்லில்கூட மண் நறநறத்தது. நான் கண்ணை மூடி விரலை வைத்தேன். திறந்து எழுத்துக் கூட்டினேன். 'விதவை' என்ற சொல்லின் முதல் இரண்டு எழுத்தை நான் வாசித்திருப்பேன். சின்னம்மாவின் கை வந்து என் விரலைப் பிடித்துக் கீழ் வரிக்கு நகர்த்தியது. அவர் கீழ் வரியை வாசித்தார். அதில் எண்ணெயும் மாவும் ஏதோ வந்தது. அம்மா அடுப்படியிலிருந்து, "வீட்டிலை குறைவிருக்காது எண்டு சொல்லுது" என்றார்.

சின்னம்மா என் விரலை விடவில்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார்: "என்ரை கைதான் தள்ளினது. பாத்தனியோ?"

"ஓம்."

"நான் தள்ள வேணும் எண்டு நினைக்கேல்லை, பிள்ளை. அதுவாப் போனது. உள்ளுக்கை ஆரோ முந்தியே முடிவெடுத்துக்கொண்டு இருக்கினம்."

அன்றைக்குப் பின்னேரத்திலிருந்து அவர் வேறு மாதிரி வாசிக்கத் தொடங்கினார். அடையாளம் பார்க்கிற காலை ஒழுங்கு அம்மாவுக்காக நடந்தது. அம்மா பிடித்துக் கொடுத்த வீட்டுவேலையால் வந்து குளித்துவிட்டு, பல்கனிக் கதவோரம் ஒரு மர வாங்கைப் போட்டு, சின்னம்மா தானாக ஒரு கதையை எடுத்தார். ஒரே கதை. புயலில் அகப்பட்ட படகு. படகில் இருக்கிறவர்கள் சாகப்போகிறோம் என்று நடுங்குகிறார்கள். பின்பக்கம் ஆண்டவர் தலையணையில் தலை வைத்து நித்திரை. எங்களுக்கு மறைக்கல்வி வகுப்பில் கலர் அடிக்கத் தந்த கதைதான். சித்தப்பா காணாமல் போன நாளிலிருந்து அந்தப் பக்கம் வந்தால் தாளைப் புரட்டிவிடுவாராம். இப்போது அதையே எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

அவர் வாசிப்பதைப் பார்க்க எனக்கு அலுக்கும், ஆனால் எழும்பிப் போகவும் முடியாது. ஒரு வரி வாசிப்பார். நிற்பார். கண்ணை மூடுவார். சில நாள் கழுத்துக்குக் கீழே கையை வைத்துக்கொண்டிருப்பார், அங்கே ஏதோ அசைகிறதைப் பிடித்துப் பார்க்கிற மாதிரி. கீழே ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிப் போகும், யாரோ யாரையோ திட்டுவார்கள், அடுத்த வீட்டுக் கூட்டில் குருவி கத்தும். பிறகு அதே வரியை மறுபடியும் வாசிப்பார். ஒரு கிழமையில் அவர் தாண்டினது நாலைந்து வரி இருக்கும்.

நான் ஒருநாள் கேட்டேன்: "சின்னம்மா, அந்தப் படகிலை சித்தப்பாவும் இருக்கிறாரோ?"

"நானும் முதல் அவரைத்தான் தேடினனான். அவர் அதிலை இல்லை. நான்தான் இருக்கிறன்."

"அப்ப நித்திரை கொள்ளுறவர்?"

"அவரிலை எனக்குச் சரியான கோவம், பிள்ளை. இவையள் கூப்பிட எழும்பினவர், எங்கடை ஆள் கூப்பிட ஏன் எழும்பேல்லை எண்டு. இந்தக் கோவம் எனக்குள்ளை இருக்கெண்டே எனக்குத் தெரியாது. செபமாலை உருட்டி உருட்டி அதுக்கு மேலை ஏறிக் குந்தியிருந்தனான்."

"கோவிக்கலாமோ?"

"படகிலை இருந்தவையும் கோவிச்சுத்தானே கேட்டவை, நாங்கள் சாகிறது உமக்குக் கவலையில்லையோ எண்டு. அதை எழுதித்தானே வைச்சிருக்கு." பிறகு சொன்னார், "நான் இவ்வளவு நாளும் தபாற்காரனைப் பாக்கிற மாதிரி இந்தப் புத்தகத்தைப் பாத்தனான். எனக்கு ஏதும் வந்திருக்கோ, எனக்கு ஏதும் வந்திருக்கோ எண்டு. இது அதுக்கில்லை போலை. வாசிக்கேக்கை எனக்குள்ளை எது முழிக்குது எண்டு பாக்கத்தான் போலை."

அது எனக்கு அப்போது விளங்கவில்லை. விளங்கினதாகத் தலையாட்டினேன்.

குருத்தோலை ஞாயிற்றுக்கு முந்தின கிழமை. காலையில் அம்மா என்னைக் கூப்பிட்டு விரலை வைக்கச் சொன்னபோது சின்னம்மா புத்தகத்தைத் திறக்கவில்லை.

"அக்கா, எனக்கு இனி அடையாளம் வேண்டாம்."

அம்மா அகப்பையோடு திரும்பினார். "என்ன வேண்டாம்?"

"அவர் வந்தா வருவார். வராட்டி வரமாட்டார். விரலை வைச்சு ஆண்டவரை நெருக்கிற இந்த வேலை எனக்கு ஏலாது."

"ஆண்டவர் சொன்ன வாக்கை நீ வேண்டாம் எண்டுறாய். விளங்குதோ உனக்கு?"

"வாக்கை வேண்டாம் எண்டேல்லை. அது எனக்குள்ளை என்ன செய்யுதெண்டு பாத்தன். ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டுதான் திறக்கிறன். பயந்துகொண்டு வாசிச்சா நான் விரும்பினது மட்டும்தான் தெரியுது."

"வாசிக்கிறதெண்டா அவர் சொல்லுறதைக் கேக்கிறது. நீ உன்னையல்லோ கேட்டுக்கொண்டிருக்கிறாய். நாள்முழுக்கச் சுவரைப் பாத்துக்கொண்டு."

அம்மா சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. இன்றைக்கும் எனக்கு அந்தக் கேள்வி கடினமானதுதான். சின்னம்மா மெதுவாகச் சொன்னார்: "எனக்குள்ளை கேக்காமல் வேறை எங்கை அக்கா அவற்றை சத்தம் எனக்குக் கேக்கும்?"

அப்பா வேலைக்குப் போகச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தார். "கொஞ்சம் மெதுவாக் கதையுங்கோ, கீழை ஆக்கள் இருக்கினம்" என்றார். இருவரும் சத்தமாகவே கதைக்கவில்லை.

அம்மா அன்ரியிடம் போனார். அன்ரி வீட்டுக்கே வந்து, சின்னம்மாவின் கையைப் பிடித்து, அன்பாகத்தான் சொன்னார்: அவநம்பிக்கை ஒரு தடை, வருகிற மனுசனின் வழியில் கல்லைப் போடாதையும். உம்மைப் புத்தகத்துக்குள்ளிருந்து ஏதோ திசை திருப்புது, கொஞ்ச நாளைக்கு அதை விட்டிரும். அன்றைக்கே அம்மா வேதப் புத்தகத்தை எடுத்து, குளிர்காலப் போர்வைகளோடு அலுமாரியின் மேல்தட்டில் வைத்துப் பூட்டினார். வேதப் புத்தகத்தைப் பூட்டி வைத்த ஒரு கத்தோலிக்க வீட்டை நீங்கள் வேறெங்கும் கண்டிருக்க மாட்டீர்கள்.

சின்னம்மா பின்னேரம் அதே வாங்கில் வெறுங்கையோடு இருந்தார். அவருக்கு அந்தக் கதை பாடம். உதடு அசையும், நிற்கும், கை கழுத்துக்குக் கீழே போகும். புத்தகம் இல்லாமல் அப்படி இருந்ததுதான் அம்மாவை இன்னும் பயமுறுத்தியது. என்னைத் தங்கள் அறைக்கு மாற்றிப் படுக்கவைத்தார்கள்.

உயிர்த்த ஞாயிறு அன்று கடைக்கண்ணாடிகளில் பாதாம் மாவில் செய்த வெள்ளை ஆடுகள் சின்னக் கொடி பிடித்துக்கொண்டு படுத்திருந்தன. அம்மா விடியப் பூசை கண்டுவிட்டு வந்து சந்தையில் முதல்நாளே வாங்கி வைத்த கணவாயைச் சமைத்தார். சித்தப்பாவுக்கு அது என்றால் உயிர். நீலச் சேட்டை ஸ்திரி போட்டுக் கதிரை முதுகில் மாட்டினார். டெலிபோனின் மேல் விரித்திருந்த பின்னல் துணியை எடுத்துவிட்டு, பக்கத்தில் ஒரு வாங்கைப் போட்டு உட்கார்ந்தார். எங்களுக்குச் சாப்பாடு போடவில்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

மத்தியானம் தாண்டி டெலிபோன் ஒருமுறை அடித்தது. அம்மா எடுத்த வேகத்தில் கருவியே கீழே விழுந்தது. அப்பாவின் முதலாளி, மேசைகள் நிரம்பிவிட்டன, கொஞ்சம் முந்தி வரச் சொல்லுங்கள் என்கிறார். அம்மா "சீ, சீ" என்று இத்தாலியனில் ஓம் சொல்லி வைத்தார். அப்பா போய்விட்டார்.

வெயில் சுவரை விட்டு இறங்கின நேரம் சின்னம்மா எழும்பி அடுப்படிக்குப் போனார். ஒரு தட்டில் எனக்குப் போட்டார். இன்னொன்றில் தனக்குப் போட்டார். மூன்றாவதை அம்மாவின் முன்னால் வைத்தார்.

"சாப்பிடுங்கோ அக்கா. ஆறுது."

சின்னம்மா உட்கார்ந்து கணவாயைச் சோற்றோடு பிசைந்து சாப்பிட்டார். கண்ணீர் தாடை வரை ஓடியது. துடைக்கவில்லை, சாப்பாட்டையும் நிறுத்தவில்லை. நான் அதைப் பார்த்தேன். அம்மா தட்டை மட்டும் பார்த்தார்.

"உன்னாலை எப்பிடி இறங்குது?" என்றார் அம்மா. "நீ நம்பியிருந்தா அவர் வந்திருப்பார்."

சின்னம்மா தன் தட்டை எடுத்துக்கொண்டு கழுவப் போனார்.

அடுத்த ஞாயிறுதான் நீங்கள் கண்ட ஞாயிறு. சின்னம்மாவை ஏதோ பேய் பிடித்திருக்கிறது, அவர் தலைமேல் கை வைத்துச் செபிக்க வேண்டும் என்று முடிவாகியிருந்தது. நடுவில் ஒரு கதிரை. சின்னம்மா தானாகவே போய் அதில் இருந்தார். இதோடாவது அம்மாவுக்கு நிம்மதி வரட்டும் என்று நினைத்ததாகப் பிறகு சொன்னார். கண்ணாடிக்குப் பின்னால் நாங்கள் ஒருவர் தோளில் ஒருவர். நான் கட்டை என்பதால் கீழே, உடைந்து அட்டை ஒட்டிய சட்டத்தின் பக்கம். எனக்கு அவர்களின் இடுப்பு மட்டம் வரைதான் தெரிந்தது. உங்களுக்கு மேலே தெரிந்தது: சுற்றி முதுகுகள், நடுவில் கைகள், அன்ரியின் உயர்ந்த குரல். பிறகு அந்த அலறல். உங்களில் ஒருவர் ஓடிப்போய் மாதா சுரூபத்துக்குப் பின்னால் ஒளித்தது எனக்கு ஞாபகம். அன்று தொடங்கித்தான் 'விசர்ச் சின்னம்மா'.

நான் கீழே நின்றபடியால் எனக்கு ஒன்று தெரிந்தது. கதிரையில் இருந்தவரின் கால்கள் அசையவே இல்லை. செருப்புக்குள் இரண்டு பாதமும் நேராக, தரையில் பதிந்து இருந்தன. மடிந்து விழுந்தது வேறு இரண்டு முழங்கால்கள். பச்சைச் சேலைக் கரை. அலறினது சின்னம்மா இல்லை. அம்மா.

எல்லாரின் கையும் சின்னம்மாவின் தலையில்தான் இருந்தது. விழுந்த மனுசியின் பக்கம் ஒருவரும் திரும்பவில்லை. பேய் போகிற நேரம் சொந்தக்காரருக்கு அப்படித்தான் இருக்கும் என்று நினைத்திருப்பார்கள்.

"கையை எடுங்கோ" என்றார் சின்னம்மா. கத்தவில்லை. "எனக்கு ஒண்டுமில்லை. அக்காவைப் பாருங்கோ."

ஒருவரும் எடுக்கவில்லை. அவரே எழும்பி, கைகளுக்குள்ளால் வெளியே வந்து, தரையில் குந்தி அம்மாவின் தோளைப் பிடித்தார். அம்மா அவரைத் தள்ளிவிட்டார். இரண்டாம் முறையும் பிடித்தார், இரண்டாம் முறையும் தள்ளினார். அதற்குப் பிறகுதான் சின்னம்மா கதவைத் திறந்து எங்கள் நடுவால் நடந்து போனார். நீங்கள் எல்லாரும் சுவரோடு ஒட்டிக்கொண்டீர்கள். என் தலையைத் தடவிவிட்டுப் போனார்.

அந்தக் கிழமையே, பலேர்மோவுக்குக் கொஞ்சம் தள்ளி, பகேரியாவில் ஒரு வயதான சிஞ்ஞோராவோடு தங்கிப் பார்க்கிற வேலை எடுத்தார். புத்தகத்தை அப்பாதான் அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அம்மா கண்டும் காணாதவர் மாதிரி சோறு வடித்துக்கொண்டிருந்தார். நீலச் சேட்டை அப்பா போடவும் இல்லை, ஒருவருக்கும் கொடுக்கவும் இல்லை. வீடு மாறினபோது அதைக் காணவில்லை.

அக்காவும் தங்கச்சியும் வருசக்கணக்காகக் கதைக்கவில்லை. அப்பா சில ஞாயிறுகளில் என்னை ரயிலில் கூட்டிக்கொண்டு போவார். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் எலுமிச்சைத் தோட்டமுமாகப் போகிற பாதை. போகுமுன் அம்மா ஒரு போத்தல் மிளகாய்த்தூளை மேசையில் வைத்து, "வறுத்தது கூடிப்போச்சு" என்பார். யாருக்கு என்று சொல்லமாட்டார். சின்னம்மா அந்தப் போத்தலைத் திறந்து மணந்துவிட்டு மூடி வைப்பார். அவரும் ஒன்றும் சொல்லமாட்டார். சண்டை அவ்வளவு பெரிதாகவும் இருந்தது, அவ்வளவு சிறிதாகவும் இருந்தது.

சித்தப்பாவைப் பற்றி இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை. சின்னம்மா கறுப்பும் உடுக்கவில்லை, வேறு கலியாணமும் செய்யவில்லை. யாராவது கேட்டால் "தெரியாது" என்பார். அந்தச் சொல்லைத் தலை குனியாமல் சொல்கிற ஒருவரை நான் வேறு கண்டதில்லை. என் கலியாணத்துக்கு முதல் கிழமை பகேரியாவுக்குப் போயிருந்தேன். ஏதாவது புத்தி சொல்வார் என்று நினைத்தேன். ஒரு பக்கத்தை வாசித்துவிட்டு, "உனக்கு இதிலை எந்தச் சொல்லிலை கால் தடக்குது?" என்று கேட்டார். நான் சொன்னேன். "அதிலை கொஞ்சம் நில்லு" என்றார். அவ்வளவுதான். அந்தச் சொல்லில் நான் இன்னமும் நிற்கிறேன். அது எனக்கும் அவருக்கும் உள்ளது.

என் கலியாணத்தில் அம்மாவும் சின்னம்மாவும் ஒரே மேசையில் இருந்தார்கள். அதற்குப் பிறகு வருத்தம், மருந்து, மழை என்று கதைத்துக்கொண்டார்கள். அந்தத் தவக்காலத்தைப் பற்றி ஒரு சொல் இல்லை. அன்ரியும் எப்போதோ விரல் வைப்பதை விட்டுவிட்டார். கூட்டத்தில் பாட்டு மட்டும் படிப்பார்.

போன குளிர்காலம் அம்மாவுக்கு நெஞ்சில் ஒப்பரேசன். பிழைத்து வந்துவிட்டார், இப்போது மாடிப்படி ஏறுகிறார், என்னோடு சண்டையும் பிடிக்கிறார். ஆனால் அந்தக் காலை அது ஒருவருக்கும் தெரியாது. "தங்கச்சியை வரச் சொல்லு" என்றார். சின்னம்மா முதல் ரயிலில் வந்தார். குளிரில் மூக்கு நுனி சிவந்திருந்தது.

அம்மா தலையணையில் சாய்ந்தபடி சொன்னார்: "ஒருக்கால் திறந்து பார். எனக்கு என்ன சொல்லுதெண்டு."

நான் சின்னம்மாவைப் பார்த்தேன். அவர் மறுக்கவில்லை. கதிரையை இழுத்துப் போட்டு, தான் அந்தக் குளிர்காலத்தில் வாசித்துக்கொண்டிருந்த இடத்தை எடுத்து வாசித்தார். சின்னத் துண்டு. நோயாளிகளைப் பற்றியதும் இல்லை, சுகமாவதைப் பற்றியதும் இல்லை. பக்கத்துக் கட்டில் இத்தாலியப் பெண் மொழி தெரியாமலே டெலிவிஷன் சத்தத்தைக் குறைத்தார்.

"அவ்வளவோ?" என்றார் அம்மா.

"அவ்வளவுதான்."

"எனக்கு ஒண்டும் சொல்லேல்லையே."

"அவசரப்படாதேங்கோ அக்கா. இருங்கோ."

அம்மா கண்ணை மூடினார். அம்மா சும்மா இருந்து நான் கண்டதே இல்லை; ஒன்றில் வேலை செய்வார், இல்லாவிட்டால் செபம் சொல்வார். அன்று இரண்டும் இல்லை. கழுத்து நரம்பு துடிப்பது மட்டும் தெரிந்தது. சின்னம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எனக்குப் பயமாக் கிடக்கு" என்றார் அம்மா.

என் வாழ்க்கையில் அம்மாவின் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டதில்லை. ஒப்பரேசன் சின்னதுதான், டொக்டர் நல்லவர் என்று சொல்ல வாயெடுத்தேன். சின்னம்மா என் பக்கம் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எப்ப தொடக்கம் அக்கா?"

அம்மா கண்ணைத் திறந்து தங்கச்சியைப் பார்த்தார்.

"நீ பிளேனாலை இறங்கின நாள் தொடக்கம். நான் உன்னை இங்கை எடுத்த பிறகு அவர் கரைக்கு வந்து உன்னைத் தேடியிருந்தா எண்டு."

சின்னம்மா புத்தகத்தை மூடவில்லை. அது மடியில் திறந்தபடி கிடக்க, குனிந்து, தன் நெற்றியை அக்காவின் கையில் வைத்தார். இம்முறை அம்மா தள்ளவில்லை. கட்டிலைத் தள்ளிக்கொண்டு போக ஆட்கள் வந்து வாசலில் நின்றார்கள். ஒருவர் மணிக்கூட்டைப் பார்த்தார், மற்றவர் அவரைப் பொறுக்கச் சொல்லிக் கையைக் காட்டினார்.